காயாத உப்பு

முதலில் அவள் ஜெயித்ததையெல்லாம் சொல்லிவிடலாம். ஆறு வயதில் மூச்சை ஜெயித்தாள். பொழுது விடியும்வரை தாங்காது என்று பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன பிறகு, கழுத்தில் துளை போட்டுச் செருகிய குழாய் வழியாக இழுத்து இழுத்து வாங்கிக்கொண்ட மூச்சு அது. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை ஜெயித்தாள். குரலே எழும்பாத பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் ஒப்பிக்கச் சொல்வது என்று தலைமையாசிரியை திருப்பி அனுப்ப, மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே பையோடு அதே வாசலில் போய் நின்று, கடைசியில் அந்த அம்மாளே அலுத்துப்போய் உள்ளே கூப்பிடும்படி செய்தாள். பிறகு ரசாயனத்தில் டிப்ளமா. பிறகு வேலை, அதுவும் எப்படிப்பட்ட வேலை! வாசனையே தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு, விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்கிற இடத்தில். இவ்வளவையும் ஜெயித்தவள் கடைசியாக இன்னொன்றையும் ஜெயித்தாள். தன் கைத்திறமைமேல் தனக்கிருந்த பெருமையை. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்பது அவள் அண்ணனின் எண்ணம்.

அந்த அண்ணன் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் அவன் வேலை செய்யும் அறைக்குள் போனால் ஏதோ ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஸ்பேனர்களை அளவு வாரியாகச் சுவரில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தான். ஒன்று காணாமல் போனால் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். மீட்டர் கண்ணாடிகளை முதலில் ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைப்பான்.

"ஏண்டா, மீட்டருக்கு இன்னைக்குக் கல்யாணமா?" என்பார் வெல்டர் சித்தப்பா. அவர் ரத்த உறவு இல்லை. அப்பாவும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்; அந்த உரிமையில் சித்தப்பா.

அப்பா நின்ற இடத்தில்தான் இப்போது மகன் நின்றான். ஐஸ் கம்பெனியில் குளிரை உண்டாக்குவது அம்மோனியா வாயு. குழாய்க்குள் ஓடும்வரை அது வேலைக்காரன். வெளியே வந்துவிட்டால் எமன். இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஒரு வால்வில் கசிவை அடைக்கும் கேஸ்கட் பிய்த்துக்கொண்டது. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோயிருந்த ஆறு வயது மகள் அப்போது கம்ப்ரசர் அறைக்குள் இருந்தாள். வெள்ளைப் புகை அறையை நிறைப்பதற்குள் அப்பா அவளைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டார். பிறகு வால்வை மூடத் திரும்பினார். மூடியும்விட்டார். வெளியே வரவில்லை.

அந்த நாளில் சுவரில் எச்சரிக்கை சொல்ல எதுவும் கிடையாது. மனிதர்களின் மூக்குதான் எல்லாம். அது சொல்லும்போது வாயு நெஞ்சுக்குள் இறங்கியிருக்கும்.

மகளுக்கு உயிர் தங்கியது. குரல் போனது, மூக்கு போனது. கழுத்துக் குழாயை எடுத்த பிறகு அவளிடம் மிச்சமிருந்தது வெறும் காற்றுக் குரல். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். தெருப் பிள்ளைகள் அவளுக்குக் 'கிசுகிசு' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாள் அழுதாள். பிறகு ஒரு நாள் வெல்டர் சித்தப்பாவிடம், "நான் பேசறதக் கேக்க எல்லாரும் கிட்ட வர்றாங்க. நீங்க பேசறதக் கேட்டு எல்லாரும் எட்ட ஓடறாங்க. யாருக்கு லாபம் சித்தப்பா?" என்று கேட்டுவிட்டாள். அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவள் மாதிரி நடமாட ஆரம்பித்தாள். அண்ணன் மட்டும் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டான். தன் பதினைந்தாவது வயதில் அவளை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிப் படியேறியவன் அவன். அந்தக் கனம் அவன் முதுகைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

அவள் வேலை பார்த்த பட்டறை, மின்சாரச் சாமான் கடைகள் நெருக்கியடித்த ஒரு தெருவில், மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை. ஜன்னலை ஒட்டி வரிசையாக மேசைகள். அவளுடையது ஏழாம் மேசை. பட்டறையை நடத்தியவர் ஒரு பெண் பொறியாளர், எல்லோருக்கும் மேடம். வேலை கேட்டுப் போன அன்றைக்கே, "எனக்கு வாசனை தெரியாது" என்று இவள் தானாகச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு இங்கயே கசிஞ்சா என்னம்மா பண்ணுவே?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

மேடம் சிரித்தார். "மூக்கு இருக்கறவங்க யாரும் இங்க மீட்டரப் பாக்கறதே இல்ல. இவளாவது பாக்கட்டும்."

அங்கே என்னதான் செய்கிறாய் என்று அம்மா கேட்காத நாளில்லை. ஒரு நாள் காலையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு மகள் விளக்கினாள். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதுவும் ஒரு மூக்குதாம்மா. சின்னக் கிண்ணத்துல கொஞ்சம் திரவம். அதுக்குள்ள மூணு கம்பி. மேல மூடினாப்புல மெல்லிசா ஒரு வெள்ளத் தோல். வாயு அந்தத் தோல் வழியா உள்ள போயி திரவத்துல கரையும். கரைஞ்சு கம்பியத் தொட்டா கரண்ட் ஓடும். ரொம்ப ரொம்பக் கொஞ்சம். வாயு கூடக் கூட கரண்டும் கூடும். அத மீட்டர் பெருசாக்கிக் காட்டும். அளவு தாண்டுச்சுன்னா சங்கு ஊதும்."

"ஆக, உன் மூக்கு போனதுக்கு நீ ஊருக்கெல்லாம் மூக்கு செஞ்சு குடுக்கற" என்றாள் அம்மா.

"அப்படித்தான் வெச்சுக்கோயேன். முன்னாடியெல்லாம் அந்தக் கிண்ணத்துல தண்ணி கலந்த ஆசிட்தான் ஊத்துவாங்க. சூடான எடத்துல மாட்டினா தண்ணி காஞ்சு போயிடும். கருவி செத்துக் கிடக்கும், ஆனா சுவத்துல சும்மா தொங்கிட்டுதான் இருக்கும். இப்ப நாங்க ஊத்தறது உப்பு. நம்ம சாப்பாட்டு உப்ப அடுப்புல வெச்சாலும் லேசுல உருகாது. இது சும்மாவே உருகித்தான் கிடக்கும். காயவே காயாது. தண்ணியே இல்லாத உப்புத்தண்ணி."

"தண்ணி இல்லாத உப்புத்தண்ணியா? காலங்காத்தால என் தலையச் சுத்த வைக்காதடி."

அந்த உப்புத் திரவத்துக்கு ஒரு கெட்ட குணம். பாகு மாதிரி கெட்டி. ஊசியில் ஏறாது, ஏறினால் இறங்காது, இறங்கினால் குமிழ் விடும். ஒரு குமிழ் இருந்தாலும் அந்தக் கிண்ணம் குப்பைக்குத்தான். மேசைக்கு மேசை எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, இவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது திரவம் இருக்கும் தட்டின் மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால் திரவம் இளகி, எண்ணெய் மாதிரி ஊசியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஏன் இளகுகிறது என்று அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. வேலை ஆகிறது, போதும் என்று எல்லா மேசையிலும் அதையே செய்தார்கள். அதற்குக் 'கிசுகிசு முறை' என்று பெயரும் வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு மேடமே அவளைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன அன்றைக்கு அவள் முகத்தை அண்ணன் பார்த்தான். அவள் அப்படிச் சிரித்து அவன் அதிகம் பார்த்ததில்லை.

நிரப்பிய கருவிகளை அன்றைக்கே சோதிப்பார்கள். ஒரு பெட்டிக்குள் வைத்து, அளந்த அம்மோனியாவைச் செலுத்தி, முள் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார்ப்பது. அரை நிமிடத்துக்குள் ஏறவேண்டும் என்பது விதி. இவர்களுடையது அதற்கும் முன்னாலேயே ஏறிவிடும். சோதித்தவர், கருவியோடு போகும் அட்டையில் மேசை எண்ணை மட்டும் முத்திரையாகக் குத்துவார். கையெழுத்து மேடத்துடையது.

அந்தக் கோடையில் அவள் ஒரு கருவியை அண்ணனிடம் கொடுத்து, கம்ப்ரசர் அறையில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே ஏறும். ஆகவே கருவியும் மேலேதான் இருக்கவேண்டும். மோட்டாருக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி, உதடு வெடிக்கும் வறண்ட சூட்டில் அதை மாட்டினான். கம்பெனியின் பழைய கருவிகள் எட்டும் அதற்குப் பக்கத்தில் வரிசையாகத் தொங்கின.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். ஏணியில் ஏறி, சோதனை வாயு நிரப்பிய குடுவையை ஒவ்வொரு பழைய கருவியின் வாயிலும் காட்டினார். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. எட்டும் எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்தனவோ, யாருக்கும் தெரியாது. அவற்றின் அடியில்தான் மூன்று ஷிப்டு ஆட்கள் நின்று வேலை பார்த்திருக்கிறார்கள். அதிகாரி இறங்கி வந்து கதவுக்குச் சீல் வைத்தார். புதுக் கருவி மாட்டும்வரை கம்பெனி திறக்கக்கூடாது.

முதலாளி இவள் வேலை பார்க்கும் பட்டறைக்கே எட்டுக் கருவிக்குச் சொல்லி அனுப்பினார். தெருவே துள்ளியது. "நம்ம கிசுகிசு கையாலதான்டா கம்பெனி தொறக்கப்போவுது!" என்று வெல்டர் சித்தப்பா டீக்கடையில் நின்று முழங்கினார். மோட்டாருக்கு மேல் தொங்கிய கருவியைச் சீல் வைப்பதற்கு முன்பே அண்ணன் கழற்றி வைத்திருந்தான்; அதைத் துணியில் சுற்றித் தங்கையிடம் கொடுத்தான். "கோடை பூரா அந்தச் சூட்டுல தொங்கியிருக்கு பாப்பா. அப்பவும் காயலன்னு காட்டினா முதலாளிக்கு அதவிட வேற என்ன வேணும்?"

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்தாள், செருப்பைக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தாள். மழைக்காலத்து உப்பு, ஈரம் கோத்து, ஜாடியின் அடியில் தண்ணீர் நின்றது.

"இதுல யார் தண்ணி ஊத்தினது?" என்று கேட்டாள்.

"யாரும் ஊத்தல. காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சிருக்கு. மூடிய ஒழுங்கா மூடலன்னா அப்படித்தான்."

"நான் ஆறு மாசமா மூடல அண்ணா."

பிறகு உட்கார்ந்து முழுவதும் சொன்னாள். கோடையில் தொங்கிய கருவி காயவில்லை, உயிரோடுதான் இருந்தது. ஆனால் அம்மோனியாவைக் காட்டினால் முள் மெல்ல மெல்ல ஏறியது. அரை நிமிடத்தில் ஏறவேண்டியது முழுசாக ஏற இரண்டு நிமிடம் எடுத்தது. மேலே தூசி படிந்திருக்கும் என்று தோலை மாற்றினாள். அப்படியேதான். திறந்து பார்த்தாள். உள்ளே திரவம் பாகாக இறுகியிருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று பழக்க தோஷத்தில் அதைத் திறந்த தட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். ராத்திரி பூரா மழை. காலையில் போய்ச் சோதித்தால், அதே கருவி, அதே திரவம், முள் பறந்துகொண்டு ஏறியது.

"இந்த உப்பு காத்துலேர்ந்து தண்ணியக் குடிக்குது. குடிச்சா இளகிடும். இளகினா வாயு சட்டுனு உள்ள போகும். நான் மூடியத் திறந்து வெச்சு வெச்சுத் தண்ணி குடிக்க வெச்சிருக்கேன். அந்தத் தண்ணியோடதான் இங்க எல்லாமே தேறியிருக்கு. உங்க அறைச் சூட்டுல மாட்டினா, குடிச்ச தண்ணியெல்லாம் போயிடும். மறுபடி பாகாயிடும். கருவி சாகாது. ஆனா லேட்டாத்தான் கத்தும்."

"புதுசா செஞ்ச எட்டும்?"

"எட்டும் அப்படித்தான். எல்லாத்துக்கும் என் மேசையிலதான் ஊத்தினோம். மேடம் கையெழுத்துப் போட்டாச்சு. பெட்டியில அடுக்கி வெச்சிருக்கு."

அண்ணனுக்கு முதலில் வந்த நினைப்பு, சொன்னால் வெட்கம், கம்பெனி திறக்கட்டுமே என்பதுதான். முப்பது குடும்பம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனும்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டாள்.

"நீ போய்ச் சொன்னா உன் வேலை போயிடுமா?"

"தெரியலம்மா. தப்பு என்னோடது."

"சொல்லலன்னா?"

மகள் அண்ணனைக் கையால் காட்டினாள். "இவருதான் அதுக்கு அடியில நிப்பாரு."

அம்மா எழுந்தாள். உப்பு ஜாடியை எடுத்து, அடியில் நின்ற தண்ணீரைக் கொட்டி, மூடியை இறுக்கி மூடி, இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் பட்டறையில் நடந்ததைத் தங்கை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "விதிப்படி எட்டும் தேறியிருக்கு. ஈரம், சூடு பத்தி விதியில ஒரு வரி கிடையாது. இப்ப அனுப்பிட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா மாத்தலாம்னு வை. அப்ப என்ன சொல்லுவே?" என்று கேட்டார்.

"அங்க எங்கண்ணன் நிக்கிறாரு மேடம்."

"உங்கண்ணன் நிக்கலன்னா அனுப்பிடுவியா?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை என்று தங்கை ஒளிக்காமல் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் ஊசியை வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவள் குரல் அவர்களுக்குக் கேட்டிருக்காது. அவள் தலை ஆடியது தெரிந்திருக்கும். "இல்ல மேடம்."

மேடம் பெட்டியைத் திறந்து, தான் கையெழுத்துப் போட்ட எட்டு அட்டைகளையும் எடுத்துக் கிழித்தார். "தட்டுக்கு மூடி போட்டிருக்கான்னு பாக்காம நானும்தான் ஆறு மாசம் இங்க நடந்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. அன்றைக்கு முழுக்க அவரும் சாப்பிடவில்லையாம்.

கருவி வர இன்னும் வாரக்கணக்கில் ஆகும் என்ற செய்தி தெருவில் இடி மாதிரி இறங்கியது. அதுவரை 'நம்ம கிசுகிசு' என்றவர்கள், அவள் போகும்போது பேச்சை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெல்டர் சித்தப்பா, கம்பெனி ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கை அன்றைக்கும் பட்டறைக்குப் போயிருந்தாள்.

"டேய், நீ அண்ணன்டா. நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பா" என்றார். "அந்தக் கருவி வேலை செய்யுதா இல்லையா?"

"செய்யுது சித்தப்பா. லேட்டாச் செய்யுது."

"லேட்டுன்னா எவ்வளவுடா? ஒரு நாளா? ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷத்துக்காக ஒரு கம்பெனியவே பூட்டி வெப்பாளா? பழசு ஊமையா தொங்கினப்ப நாம வேலை பாக்கலயா? அவளுக்கு ரொம்ப நறுவிசுடா. உன்னப் பாத்து வந்தது."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் மேசைக் கடிகாரத்தை எடுத்து வந்து, துடைத்து, நடுவில் வைத்தான்.

"சித்தப்பா, உங்களுக்கு மூச்சடக்கத் தெரியுமா?"

"என்னடா கேள்வி? நான் தண்ணியில முங்கினா கரையில இருக்கறவன் போலீசுக்குச் சொல்லிடுவான்."

"இந்தச் செகண்டு முள்ளு ரெண்டு சுத்து வரணும். அதுவரைக்கும் அடக்குங்க. எல்லாரும்."

சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி எல்லோரும் கன்னத்தை உப்பிக்கொண்டார்கள். ஒருத்தர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். முள் பாதி சுற்று போவதற்குள் ஒருவர் சிரித்து விட்டுவிட்டார். கொஞ்சம் கழித்து இன்னும் இரண்டு பேர். நாலாமவர் முகம் கறுத்து, மேசையைத் தட்டி, விட்டார். வெல்டர் சித்தப்பா மட்டும் விடவில்லை. கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. முள் ஒரு சுற்று முடிந்து திரும்பக் கிளம்பியது. அவர் கை தானாக எழுந்து காற்றைப் பிடிப்பதுபோல் துழாவியது. பிறகு வாய் பிளந்து, இரைந்துகொண்டு மூச்சை இழுத்தார்.

"இன்னும் முக்கால் சுத்து பாக்கி இருக்கு சித்தப்பா" என்றான் அண்ணன்.

முள் அதன்பாட்டுக்கு ஓடி, அந்த முக்கால் சுற்றையும் முடித்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா போன அந்த மத்தியானம் கம்ப்ரசர் அறைக் கதவை வெளியே இருந்து இழுத்துத் திறந்தவர் அவர்தான்.

"உங்கப்பன் வால்வப் பிடிச்சபடியே கிடந்தான்டா" என்றார். அவர் அதைச் சொல்லி அண்ணன் கேட்டது அதுவே முதல் தடவை. சமையலறை வாசலில் அம்மா இல்லை, உள்ளே போயிருந்தாள்.

போகும்போது வாசலில் நின்று சித்தப்பா கேட்டார். "அவளுக்கு அங்க என்னடா வேணும்? நான் சும்மாதானே கிடக்கேன்."

"நம்ம அறை மாதிரி சூடா, வறட்சியா ஒரு பெட்டி. காத்து உள்ள போகக்கூடாது. அதுக்குள்ள வெச்சு வாட்டிப் பாக்கணுமாம்."

"பெட்டிதானே? அளவ வாங்கிட்டு வா."

பெட்டி வந்தது. ஒரு பொட்டு இடைவெளி இல்லாத வெல்டிங். மேடம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத யார் செஞ்சது?" என்று கேட்டாராம். கம்ப்ரசர் அறையில் எந்தச் சுவர் எவ்வளவு சுடும், எந்த மூலையில் ஐஸ் தொட்டியின் ஈரம் வரும் என்பதையெல்லாம் அண்ணன் சொல்லச் சொல்ல, தங்கை பெட்டியை அதற்கேற்பச் சூடாக்கினாள்.

வேலை சுலபத்தில் ஆகவில்லை. உப்புத் திரவத்தை முதலில் காற்றை உறிஞ்சியெடுத்த அடுப்பில் வைத்து, குடித்த தண்ணீரையெல்லாம் கக்க வைத்தார்கள். பிறகு ஈரமில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள், துளை வழியாகக் கையுறையை விட்டு நிரப்பினார்கள். தண்ணீர் போன திரவம் பழையபடி பாகாகி ஊசியில் மல்லுக்கு நின்றது. மேடம் இன்னும் கொஞ்சம் இளகலான வேறொரு உப்பை வரவழைத்தார். அதுவும் போதவில்லை. கிண்ணம் நிறைய ஊற்றினால் வாயு கம்பியைத் தொட அவ்வளவு தூரம் நீந்தவேண்டும்; தூரத்தைக் குறைத்தால் என்ன என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். மெல்லிய தாளில் திரவத்தை ஊறவைத்து, தோலை ஒட்டி, கம்பிமேல் படிய வைத்தார்கள். தாள் கிழிந்தது. வேறு தாள். அது கசிந்தது. ஏழாம் மேசையில் குப்பைக் கூடை நிரம்பி வழிந்தது. அந்த நாட்களில் தங்கை வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. கை விரல்கள் மட்டும் மேசைமேல் எதையோ மடித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைப்பான்.

ஒரு நாள் அவள் வீட்டு வாசற்படியிலேயே நின்று கைதட்டினாள். கூப்பிட அவளுக்கு வேறு வழி கிடையாது. அண்ணன் எட்டிப் பார்த்தான். சித்தப்பாவின் பெட்டியில் பல நாள் வாட்டியெடுத்த கருவி, வறண்ட சூட்டிலும் அரை நிமிடத்துக்குள் கத்தியிருக்கிறது. ஈரத்தில் வைத்தும் கத்தியிருக்கிறது. எட்டும்.

கம்பெனி சார்பில் வாங்கிப்போக அண்ணனே பட்டறைக்குப் போனான். அதுவரை அவன் அந்த மாடியேறியதில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனான். ஏழாம் மேசையில் எட்டுக் கருவிகளும் வரிசையாக இருந்தன. திரவத் தட்டின் மூடிமேல் அவள் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கருவியைப் பெட்டிக்குள் வைத்து, அவன் கண்ணெதிரே அம்மோனியாவைச் செலுத்தினாள். மூடியின் விளிம்பில் லேசாகக் கசிந்ததோ என்னவோ, அவன் மூக்கில் அந்தக் காரம் ஏறிற்று. உடம்பு தானாகப் பின்னால் நகர்ந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை முள்மேல் வைத்து நின்றாள். அவன் அடக்கிய மூச்சை விடுவதற்குள் சங்கு அலறியது.

முத்திரையை எடுக்கப் போனவளை மேடம் தடுத்தார்.

"எண்ணு வேண்டாம். இந்தத் தடவ பேர எழுதிக் கையெழுத்துப் போடு. நான் உனக்குக் கீழ போடறேன்."

அண்ணன் அட்டையைப் பார்த்தான். கருவி என்றால் என்றைக்காவது ஒன்று பழுதாகலாம். அன்றைக்கு இந்த அட்டையைத்தான் முதலில் எடுப்பார்கள். "எண்ணு போதாதா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் அவன் காதருகே குனிந்தாள். "எண்ணத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாங்க அண்ணா. பேருன்னாதான் தேடி வருவாங்க. வரட்டும்."

பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டவன் அண்ணன். அம்மாவுக்கு எழுத வராது. ஆகவே வீட்டில் கையெழுத்து என்றாலே அவனுடையதுதான். பிறகு படிப்புக்கும் வங்கிக்கும் அவள் தானே போட்டிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் தனக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளப் போட்டவை. இன்னொருவர் மூச்சுக்கு நான் பொறுப்பு என்று போடுகிற கையெழுத்தை அண்ணன் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் அவன் இதையே முதலாவதாக வைத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, முனையைக் கைக்குட்டையில் துடைத்து, அவளிடம் நீட்டினான். அவள் முதல் அட்டையை நேராக வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், பெயரை முழுசாக எழுதி அதன் அடியில் கையெழுத்திட்டாள். பக்கத்தில் தேதிக்கு இருந்த கட்டத்தையும் அவளே நிரப்பினாள்: 6 டிசம்பர் 2018.